சுவாச வைரஸ்களும் கட்டுமீறும் எதிர்ப்பாற்றலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஃப்ளூயன்சா, கோவிட், கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் அதிகம் தாக்கும் ஆர்.எஸ்.வி. போன்ற சுவாசத் தொற்றுகள் பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் தணிந்துவிடுகின்றன. சிலருக்கு மட்டும், வைரஸை ஒழிக்கப் புறப்பட்ட உடலின் எதிர்வினை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், நுரையீரலையும் அதற்கு அப்பாலுள்ள உறுப்புகளையும் சேதப்படுத்துகிறது. இதைப் பற்றி நோயாளிகளும் குடும்பத்தினரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சிகிச்சை முடிவுகளை எடுக்க வேண்டியவர் நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவரே.

மூக்கிலும் தொண்டையிலும் தொடங்கும் நோய் சிறுநீரகத்தையும் இதயத்தையும் எப்படிப் பாதிக்கிறது? வைரஸ் அங்கெல்லாம் பரவிவிடுகிறதா?

பெரும்பாலும் இல்லை. இன்ஃப்ளூயன்சா வைரஸ் பொதுவாக மூச்சுப்பாதையின் உட்பரப்புச் செல்களிலேயே பெருகுகிறது. இரத்தத்தில் அது காணப்படுவது அரிது. கொரோனா வைரஸின் தடயங்கள் இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் கண்டறியப்பட்டிருந்தாலும், அங்கு நேரும் சேதத்தின் அளவை வைரஸின் இருப்பைக் கொண்டு மட்டும் விளக்க முடிவதில்லை.

தொலைவிலுள்ள உறுப்புகளைச் சேதம் சென்றடையும் வழிகளில் முதன்மையானவை மூன்று. நுரையீரலில் சுரக்கும் அழற்சிப் புரதங்கள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன. அந்தப் புரதங்கள் இரத்தக்குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துவதால் கசிவும் உறைவும் ஏற்படுகின்றன. நுரையீரல் செயலிழப்பதால் ஆக்சிஜன் குறைந்து, இரத்த அழுத்தமும் சரிந்து, உறுப்புகள் பட்டினி கிடக்க நேர்கிறது. கடுமையான நோயாளிகளில் இம்மூன்றும் ஒன்றையொன்று தூண்டியபடி ஒரே நேரத்தில் நடப்பதுதான் சிகிச்சையைக் கடினமாக்குகிறது.

சைட்டோகைன்கள் என்பவை தீங்கானவையா?

அவை இல்லாமல் எந்தத் தொற்றிலிருந்தும் மீள முடியாது. எதிர்ப்பு மண்டலத்தின் செல்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளச் சுரக்கும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். இன்டர்ஃபெரான்கள் அண்டைச் செல்களை எச்சரித்து வைரஸ் பெருகவிடாமல் தடுக்கின்றன, டி.என்.எஃப்., ஐ.எல்-1, ஐ.எல்-6 போன்றவை காய்ச்சலை உண்டாக்கி, இரத்தக்குழாய்களைச் சற்றே கசியவிட்டு, வெள்ளணுக்களைத் தொற்று நடந்த இடத்துக்கு அழைக்கின்றன. ஓரிடத்தில் சில நாட்கள் மட்டும் நடக்க வேண்டிய இந்தப் பணி உடல் முழுவதும் தொடர்ந்து நடக்கும்போதுதான் கேடாகிறது.

தொற்றே இல்லாமல், சைட்டோகைன்கள் மட்டுமே உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு. 2006 மார்ச்சில் லண்டனில் நடந்த ஒரு மருந்துச் சோதனை அதைத் துயரமான முறையில் காட்டியது. டி-செல்கள் என்ற வெள்ளணுக்களைத் தூண்டும் டி.ஜி.என்.1412 என்ற எதிர்ப்பொருள் மருந்து, நலமாக இருந்த 6 இளைஞர்களுக்குச் செலுத்தப்பட்டது. விலங்குகளுக்குப் பாதுகாப்பானதாகக் கருதப்பட்ட அளவில் 500இல் ஒரு பங்குதான் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்குள் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல் எனத் தொடங்கி, ஒரு நாளுக்குள் நுரையீரல் பாதிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, இரத்த உறைதல் கோளாறு என எல்லாம் வந்துவிட்டன. தீவிர சிகிச்சையால் 6 பேரும் உயிர் பிழைத்தனர். அவர்களின் உடலில் எந்த வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. எதிர்ப்பு மண்டலத்தின் எதிர்வினை மட்டுமே ஒருவரை இந்த நிலைக்குக் கொண்டு செல்லும் என்பதை மறுக்க முடியாதபடி நிறுவிய நிகழ்வு அது.

1918 இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில் வலுவான இளைஞர்கள் இறந்ததற்கு அவர்களின் வலுவான எதிர்ப்பாற்றலே காரணம் என்கிறார்களே?

அந்தக் கொள்ளைநோயில் 20 முதல் 40 வயதுக்கு உட்பட்டவர்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெருமளவில் இறந்தது உண்மை. ஆனால் காரணம் அத்தனை எளிதானதல்ல. பாதுகாக்கப்பட்ட திசுக்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, பெரும்பாலான மரணங்களில் வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரிய நிமோனியாவின் அடையாளங்கள் காணப்பட்டன. அந்தத் தலைமுறையினர் குழந்தைப் பருவத்தில் வேறு வகை இன்ஃப்ளூயன்சாவைச் சந்தித்திருந்ததால் அவர்களின் எதிர்ப்பு நினைவு பொருந்தாமல் போயிருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. கோவிட் நோயிலோ முதியவர்களே மிக அதிகமாக இறந்தனர். வலுவான எதிர்ப்பாற்றல்தான் ஆபத்து என்றால் அது நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? எனவே, நலமாக இருப்பதே ஆபத்து என்ற முடிவுக்கு யாரும் வரத் தேவையில்லை.

அப்படியானால் எதிர்வினை கட்டுமீறுவதற்கு உண்மையான காரணம் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். பல நோயாளிகளில் கோளாறு தொடங்குவது மிகையில் அல்ல, குறையில்தான்.

வைரஸ் நுழைந்த முதல் சில மணி நேரங்களில் இன்டர்ஃபெரான் போதிய அளவில் சுரந்தால், வைரஸின் பெருக்கம் தொடக்கத்திலேயே கட்டுப்படுகிறது. பின்னால் வரும் வெள்ளணுக்களுக்குச் செய்ய வேண்டிய வேலை குறைவு. அந்த முதல் எச்சரிக்கை தாமதமானால், வைரஸ் சத்தமின்றிப் பெருகி நுரையீரலின் ஆழம்வரை இறங்கிவிடுகிறது. காலங்கடந்து விழித்துக்கொள்ளும் எதிர்ப்பு மண்டலம் அப்போது எதிர்கொள்வது பெரும் வைரஸ் சுமையையும் இறந்த செல்களின் குவியலையும். அதற்கேற்ப அதன் எதிர்வினையும் பெரிதாகிறது. கொரோனா வைரஸ் இந்த எச்சரிக்கையை அடக்கக்கூடிய புரதங்களைத் தானே வைத்திருக்கிறது. முதுமையும் இதை மந்தப்படுத்துகிறது. கூடவே வயதானோர் உடலில், குறிப்பாக உடற்பருமனோ நீரிழிவோ இருந்தால், குறைந்த அளவு அழற்சி எப்போதும் கனன்றுகொண்டே இருப்பதால், தொடக்கத்தில் மெத்தனமும் முடிவில் மிகையும் என இரண்டு குறைகளும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடுகின்றன.

இதற்கு மிக உறுதியான சான்று 2020இல் வெளிவந்தது. உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா கண்ட 987 பேரைப் பரிசோதித்ததில், 101 பேரின் இரத்தத்தில் அவர்களுடைய சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருட்கள் இருந்தன; அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். நோய் லேசாக இருந்த அல்லது அறிகுறியே இல்லாத 663 பேரில் ஒருவரிடமும் அவை காணப்படவில்லை. முதல் தற்காப்பு இல்லாமல் போனவர்களே பின்னர் மிகையான அழற்சிக்குள் சென்றார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வியட்நாமில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2006இல் வெளியான ஆய்வும், வைரஸ் அளவு மிகுந்தவர்களிடமே சைட்டோகைன்களும் மிகுந்திருந்ததைக் கண்டது.

நுரையீரலில் என்ன நடக்கிறது?

நம் நுரையீரலில் சுமார் 30 கோடி முதல் 50 கோடி வரை காற்று நுண்ணறைகள் உள்ளன. நுண்ணறையில் உள்ள காற்றையும் அதைச் சுற்றியுள்ள தந்துகியில் ஓடும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவரின் தடிப்பு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஆக்சிஜன் எளிதாகக் கடந்து செல்வதற்காக அமைந்த இந்த மென்மையே, அழற்சி வரும்போது பலவீனமாகிறது. நுரையீரலில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் விடுக்கும் அழைப்பை ஏற்று வரும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள், கிருமிகளை அழிக்க வைத்திருக்கும் நொதிகளை வெளியிடுகின்றன. தங்கள் மரபுப்பொருளையே வலையாக வீசுகின்றன. அவற்றுக்குக் கிருமிக்கும் நுரையீரல் சுவருக்கும் வேறுபாடு தெரியாது. சுவர் சிதைந்து, புரதம் நிறைந்த நீர் நுண்ணறைகளை நிரப்பும்போது, ஆக்சிஜன் உள்ளே செல்ல வழியற்றுப் போகிறது. 1967இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நிலையே கடுமையான சுவாச இடர்ப்பாட்டுக் கூட்டறிகுறி எனப்படுகிறது.

இரத்தம் உறைவதற்கும் சளிக்காய்ச்சல் வைரஸுக்கும் என்ன தொடர்பு?

எல்லா உறுப்புகளையும் இணைக்கும் ஒரே பரப்பு இரத்தக்குழாய்களின் உட்சுவர்தான். உறுப்பு வாரியாகப் பிரித்துப் பேசுவதால் இது கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. ஒற்றைச் செல் தடிப்புள்ள இந்த உட்சுவர், நலமாக இருக்கும்போது இரத்தத்தை உறையவிடாமல் வைத்திருக்கிறது, குழாயின் விரிவையும் சுருக்கத்தையும் நெறிப்படுத்துகிறது, எதை வெளியே விட வேண்டும், எதை விடக்கூடாது என்பதையும் தீர்மானிக்கிறது. அழற்சிச் சமிக்ஞைகள் வந்தவுடன் அது முற்றிலும் வேறு முகம் காட்டுகிறது. அதன் மேலிருக்கும் பாதுகாப்புப் படலம் உதிர்கிறது, தட்டணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன, உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணி வெளிப்படுகிறது, எதிர்ப்பு மண்டலத்துக்குத் துணைநிற்கும் நிரப்புப் புரதங்களும் நியூட்ரோஃபில் வலைகளும் சேர்ந்து இரத்தக் கட்டிகளை நிலைப்படுத்துகின்றன. காயம் பட்ட இடத்தில் கிருமியைச் சிறைப்படுத்த உறைதலும் அழற்சியும் கைகோத்துச் செயல்படுவது உடலுக்கு நன்மையே. ஆனால் ஆயிரக்கணக்கான தந்துகிகளில் ஒரே நேரத்தில் அது நடந்தால், பெரிய குழாய்களில் அடைப்பே இல்லாமல் உறுப்புகள் இரத்தமின்றித் தவிக்கின்றன.

கோவிட்டால் இறந்த 7 பேரின் நுரையீரல்களையும் இன்ஃப்ளூயன்சாவால் இறந்த 7 பேரின் நுரையீரல்களையும் ஒப்பிட்டு 2020இல் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வில், கோவிட் நோயாளிகளின் நுண்ணறைத் தந்துகிகளில் நுண்ணிய இரத்தக் கட்டிகள் 9 மடங்கு அதிகமாக இருந்தன. எண்ணிக்கை சிறிதென்றாலும், இரு வைரஸ்களும் ஒரே வழியில் கொல்வதில்லை என்பதை அது உணர்த்தியது.

உறைவெதிர் மருந்தான ஹெப்பாரின் பற்றிய அனுபவமும் காலத்தின் முக்கியத்துவத்தையே சொல்கிறது. 2021இல் வெளியான பெரிய சோதனைகளில், மருத்துவமனையில் இருந்தும் இன்னும் தீவிர சிகிச்சை தேவைப்படாத கோவிட் நோயாளிகளுக்கு முழு அளவு ஹெப்பாரின் பயனளித்தது. ஏற்கெனவே உறுப்புகள் தளர்ந்து தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அதே மருந்து, அதே அளவில், பயனளிக்கவில்லை.

இதயத்துக்கு என்ன ஆபத்து?

பலர் நினைப்பதைவிட மிகுதி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு, அதே மனிதர்களின் மற்றக் காலங்களோடு ஒப்பிட ஏறத்தாழ 6 மடங்கு உயர்ந்ததைக் கண்டது. இதயத் தமனிகளில் ஆண்டுக்கணக்காக அசையாமல் இருந்த கொழுப்புப் படிவுகள் அழற்சியால் வெடிப்பதும், வெடித்த இடத்தில் இரத்தம் எளிதில் உறைவதும், காய்ச்சலால் வேகமாகத் துடிக்கும் இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை கூடுவதும் ஒன்றுசேர்வதே காரணம். இவை தவிர, இதயத் தசையே அழற்சியுறும் மயோகார்டைட்டிஸும் சிலருக்கு வருகிறது. இதய நோய் உள்ளவர் காய்ச்சலின்போது வரும் நெஞ்சுவலியை இருமலால் வந்த வலி என்று தள்ளிப்போடக் கூடாது.

சிறுநீரகமும் கல்லீரலும்?

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்வதால், இரத்த அழுத்தச் சரிவையும் இரத்தத்தில் மிதக்கும் அழற்சிப் புரதங்களையும் அவை முதலில் உணர்கின்றன. அவற்றின் நுண்குழல் செல்கள் நலிவதால் சிறுநீர் குறைகிறது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறுகிறது. வென்டிலேட்டர் தரும் அழுத்தம் நெஞ்சுக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைப்பதும் இந்தச் சுமையைக் கூட்டும். கல்லீரலைப் பொறுத்தவரை, நொதி அளவுகள் உயர்வது பொதுவாகக் காணப்பட்டாலும், தொற்றுக்கு முன் நலமாக இருந்த கல்லீரல் முழுமையாகச் செயலிழப்பது அரிது.

வைரஸ் மூளைக்குள் நுழையாமலேயே மூளை பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படும். மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, 1995இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த கடும் நசிவு மூளைநோய். இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் கண்ட ஓரிரு நாட்களில் குழந்தைக்கு வலிப்பும் நினைவிழப்பும் வருகின்றன. ஸ்கேன் எடுத்தால் மூளையின் ஆழத்தில் இரு பக்கமும் உள்ள தலாமஸ் என்ற பகுதிகள் ஒரே மாதிரி சிதைந்திருக்கின்றன. ஆனால் மூளைத் தண்டுவட நீரில் வைரஸ் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சைட்டோகைன்களால் மூளையைக் காக்கும் இரத்தத் தடுப்பு உடைவதே இதன் அடிப்படையாகக் கருதப்படுகிறது. இது குடும்பங்களில் தொடர்ந்து வரும்போது ஆர்.ஏ.என்.பி.பி2 என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. அரிய நோய்தான், என்றாலும் காய்ச்சலுடன் குழந்தை குழம்பிப் பேசினாலோ எழுப்ப முடியாமல் உறங்கினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. முதியவர்களுக்கு வரும் திடீர்க் குழப்பம் இதைவிட மிகப் பரவலானது. பல நேரங்களில் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ தெரிவதற்கு முன்பே அது முதல் அறிகுறியாக வந்துவிடுகிறது.

தொற்று நீங்கிப் பல வாரங்களுக்குப் பிறகும் இது வருமா?

குழந்தைகளுக்கு வந்த பல்லுறுப்பு அழற்சிக் கூட்டறிகுறி அப்படிப்பட்டதே. 2020 ஏப்ரலில் பிரிட்டனில் முதலில் கவனிக்கப்பட்ட இந்நோய், கோவிட் தொற்றுக்கு 2 முதல் 6 வாரங்களுக்குப் பின் வருகிறது. தொற்றின்போது அறிகுறியே இல்லாத குழந்தைக்கும் வரலாம். விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தோல் தடிப்பு, கடும் வயிற்றுவலி ஆகியவற்றோடு இதயம் தளர்ந்து இரத்த அழுத்தம் சரிகிறது. எதிர்ப்பொருட்களின் தொகுப்பான இம்யூனோகுளோபுலினும் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டும் உரிய காலத்தில் கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாக மீள்கின்றனர். இதயத்தின் திறனும் வழக்கமாக வாரங்களில் அல்லது மாதங்களில் திரும்பிவிடுகிறது.

இரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர் ஆகியவை உயர்ந்திருந்தால் எதிர்வினை கட்டுமீறிவிட்டது என்று பொருளா?

இல்லை. ஐ.எல்-6இன் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் சி.ஆர்.பி. சாதாரணத் தொற்றிலும் ஏறும். ஃபெரிட்டின் பல காரணங்களால் உயரும். டி-டைமர் கர்ப்பத்திலும் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் உயர்ந்தே இருக்கும். நோயாளியின் மூச்சு, ஆக்சிஜன் அளவு, சிறுநீர், தெளிவான நினைவு ஆகியவற்றோடு சேர்த்து, அடுத்தடுத்த நாட்களில் எண்கள் எத்திசையில் நகர்கின்றன என்பதைப் பார்த்தால்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு. கோவிட் நோயாளிகளின் ஐ.எல்-6 அளவு, இரத்தத்தில் பாக்டீரிய நச்சு ஏறியவர்களின் அளவைவிடப் பல மடங்கு குறைவாகவே இருந்தது. ஆகவே ஒரே ஒரு சைட்டோகைனை அளந்து நோயின் போக்கைக் கணிக்க முடியாது.

எதிர்வினைதான் சேதம் செய்கிறது என்றால், காய்ச்சல் வந்த முதல் நாளே ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

கூடாது. இக்கேள்விக்கு மழுப்பலான விடை தருவது ஆபத்து. பிரிட்டனில் கோவிட் நோயாளிகளிடம் நடந்த ரெக்கவரி சோதனை 2020இல் வெளியிட்ட முடிவுகளை அப்படியே பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாட்கள் தரப்பட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைந்தனர். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2இலிருந்து 23.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் பயன் இல்லை. மருந்து பெற்றவர்களில் 17.8 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 14 விழுக்காட்டினரும் இறந்தனர்.

ஒரே மருந்து, ஒரே நோய். கொடுக்கும் கட்டம் மாறினால் விளைவும் மாறுகிறது. வைரஸ் பெருகும் முதல் நாட்களில் ஸ்டீராய்டு தருவது, ஏற்கெனவே தாமதமாகும் முதல் தற்காப்பை மேலும் முடக்குவதாகும். அது இரத்தச் சர்க்கரையை ஏற்றி, கருப்புப் பூஞ்சை போன்ற தொற்றுகளுக்கும் வழிவிடுகிறது. இன்ஃப்ளூயன்சா நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு தந்த அனுபவம் கோவிட் போல நன்மையாக இல்லை. அங்கு மருத்துவர்கள் அதை வழக்கமாகத் தருவதில்லை. மாறாக, இன்ஃப்ளூயன்சாவுக்கு ஒசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்த பயன் தருகிறது. ஐ.எல்-6இன் வழியை அடைக்கும் டோசிலிசுமாப், சமிக்ஞைகளைச் செல்லுக்குள் தடுக்கும் பாரிசிட்டினிப் ஆகியவையும் கடுமையான கோவிட் நோயாளிகளுக்கு ஸ்டீராய்டுடன் சேர்த்துத் தரப்படுபவை. வீட்டில் வைத்து எடுக்க வேண்டியவை அல்ல.

எதிர்ப்பாற்றலைக் கூட்டும் மாத்திரைகள் நன்மையா, தீமையா?

அத்தகைய மாத்திரைகளால் இந்த அழற்சி தூண்டப்படுவதாகவோ தடுக்கப்படுவதாகவோ நல்ல சான்று இல்லை. நீரிழிவைக் கட்டுக்குள் வைப்பதும் புகைப்பதை விடுவதும் உறுதியாகப் பயன் தருபவை.

தடுப்பூசி எதிர்வினையைத் தூண்டி நோயை மோசமாக்கிவிடாதா?

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. 1960களில் அமெரிக்காவில் ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்த ஆர்.எஸ்.வி. தடுப்பூசி பெற்ற கைக்குழந்தைகளில், பின்னர் தொற்று கண்டவர்களில் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2 குழந்தைகள் இறந்தனர். வைரஸை முடக்க இயலாத எதிர்ப்பொருட்களையும், நுரையீரலுக்குப் பொருந்தாத டி-செல் எதிர்வினையையும் அந்தத் தடுப்பூசி உருவாக்கியிருந்தது. செல்லோடு இணைவதற்கு முன் வைரஸ் புரதம் கொண்டிருக்கும் வடிவம் 2013இல் கண்டறியப்பட்ட பிறகே சரியான இலக்கு கிடைத்தது; அதை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசிகள் 2023இல் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒப்புதல் பெற்றன. இன்று பயன்பாட்டிலுள்ள இன்ஃப்ளூயன்சா, கோவிட் தடுப்பூசிகள், வைரஸைத் தொடக்கத்திலேயே அடையாளம் காணும் நினைவைத் தந்து, மேலே சொன்ன தாமதத்தையே தவிர்க்கின்றன.

எப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்குவது, நெஞ்சில் அழுத்தம், புதிதாக வந்த குழப்பம், உதடு நீலமாவது, சிறுநீர் வெகுவாகக் குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே செல்ல வேண்டும். தணிந்த காய்ச்சல் சில நாட்களில் மீண்டும் ஏறினால் பாக்டீரிய நிமோனியாவையும் ஐயுற வேண்டும். கோவிட்டில் நிலைமை மோசமாவது பெரும்பாலும் முதல் வாரத்தின் இறுதியிலும் இரண்டாம் வாரத்தின் தொடக்கத்திலும்தான் என்பதால், ஐந்தாம் நாள் சற்றுத் தெம்பாக இருப்பதை வைத்துக் கண்காணிப்பைக் கைவிடக் கூடாது. இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருநிறத் தோலில் உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டக்கூடும், எண் நன்றாக இருந்தும் மூச்சு சிரமமாக இருந்தால் மூச்சையே நம்புங்கள்.

பிழைத்து வீடு திரும்பியவரின் உறுப்புகள் பழைய நிலைக்கு வருமா?

பலருக்கு வரும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. நுரையீரலின் திறன் முதல் ஆறு மாதங்களில் கணிசமாக மீள்கிறது. சிலருக்குத் தழும்பு எஞ்சுகிறது. சிறுநீரகம் சரியாகிவிட்டதுபோல் தோன்றினாலும், ஒருமுறை கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்குப் பின்னாளில் நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், கிரியேட்டினினையும் சிறுநீரில் வெளியேறும் புரதத்தையும் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் சோதிக்க வேண்டும். தீவிர சிகிச்சையில் நாட்கணக்காகக் கிடந்தவர்களின் தசை வலுவிழப்பும், கவனக்குறைவும், மறதியும், மனச்சோர்வும் வீட்டாருக்கு எளிதில் விளங்குவதில்லை, சோம்பலென்று கடிந்துகொள்கிறார்கள். இவையும் அந்த அழற்சியும் நீண்ட படுக்கையும் விட்டுச்சென்ற பாதிப்புகளே. இயன்முறை மருத்துவரின் துணையோடு படிப்படியாக நடக்கத் தொடங்குவதும், மனநல ஆலோசனையும் இவற்றுக்கு உரிய சிகிச்சைகள்.